திரையில் தேறியதும் கருவியில் தேறியதும்

மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழை பெரும்பாலும் அச்சிலேயே நின்றுவிடும். படிப்பவர் முகஞ் சுளிப்பார்; பொருள் அறிந்தவர் தாமே திருத்திக்கொள்வார்; அத்துடன் அது முடியும். ஆனால், விஞ்ஞான நூலை மொழிபெயர்ப்பவன் செய்யும் பிழை சில வேளைகளில் ஒரு பள்ளியின் பிரயோகசாலை மேசைவரை சென்று, அங்கே கம்பியும் சில்லுமாக உருவெடுத்து நிற்கும். அத்தகைய பிழை ஒன்றை நான் செய்தேன். அதை முன்னிட்டு எழுந்த சிந்தனைகளை ஆசிரியர்கள் முன்னும் களப்பணியாளர்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர்களுக்கான செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்தது. மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்பாட்டுச் சில்லைக் கொண்டு வெப்பநிலையை அளந்து, அவ்வளவைக் கம்பி வழியே கணிப்பொறிக்கு அனுப்பும் சுற்று ஒன்று அதில் விளக்கப்பட்டிருந்தது. அச்சுற்று பாவனை மென்பொருளில் சோதிக்கப்பட்டது என்னும் பொருள்பட ஒரு குறிப்பு படத்தின் அடியில் ஆங்கிலத்தில் இருந்தது. வாக்கியம் நீளுகிறதே என்று எண்ணி, 'இச்சுற்று சோதிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதி மேலே சென்றேன். மேலதிகாரி பார்த்தார், அச்சுப்பிழை திருத்துவோரும் பார்த்தார். தமிழ் வாக்கியத்தில் குற்றம் ஏதுமில்லை. ஆதலால் எவர் கண்ணுக்கும் அது படவில்லை.

நூல் வெளிவந்து சில மாதங்கள் சென்றபின் ஓர் ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. படத்தில் உள்ளவாறே உறுப்புகளை வாங்கி மாணவரைக் கொண்டு சுற்றை அமைத்ததாகவும், மும்முறை பிரித்துக் கட்டியும் பயனில்லை என்றும், சோதனைக்காக 'ஏ' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தை அனுப்பினால் திரையில் தலைகீழான ஆச்சரியக்குறி தோன்றுகிறது என்றும் அவர் எழுதியிருந்தார். கடைசி வரியே என்னை வருத்தியது. 'சோதிக்கப்பட்ட சுற்று என்று அச்சிட்டிருப்பதால், தவறு எங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கூறியிருக்கிறேன்' என்பது அவ்வரி.

தவறு அவர்களுடையது அன்று. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள, இத்தகைய செய்தித்தொடர்பு நடக்கும் முறையைச் சிறிது பார்க்க வேண்டும்.

எழுத்து செல்லும் வகை

ஒரே கம்பியில், ஒன்றன்பின் ஒன்றாகப் பிட்டுகளை அனுப்பும் முறைக்குத் தொடர்வரிசைச் செய்தித்தொடர்பு என்று பெயர். இதன் வேர் தந்தித் துறையில் இருக்கிறது. வேகத்தின் அலகுக்கு வழங்கும் பெயரே, 1874ஆம் ஆண்டில் தம் தந்திக் குறியீட்டுக்கு உரிமை பெற்ற பிரெஞ்சு நாட்டுப் பொறியியலாளர் எமில் பாடோவின் பெயரிலிருந்து வந்ததாகும். தந்தி அலுவலகங்களில் தட்டச்சுப் பொறிபோல் ஓடிய டெலிபிரிண்டர் கையாண்ட 'தொடக்கம்–நிறுத்தம்' முறையையே இன்றைய சில்லுகளும் கையாள்கின்றன.

அம்முறை எளிது. செய்தி ஏதுமில்லாதபோது கம்பி உயர் நிலையில் இருக்கும். எழுத்து வரப்போகிறது என்பதற்கு அடையாளமாக அது ஒரு பிட் நேரம் தாழும்; இதுவே தொடக்கப் பிட். அடுத்து எட்டுப் பிட்டுகள், மதிப்பிற் சிறியது முன்னாக, வரிசையாகச் செல்லும். இறுதியில் கம்பி மீண்டும் உயர்ந்து நிற்பது நிறுத்தப் பிட். ஆக, ஓர் எழுத்துக்குப் பத்துப் பிட்டுகள். விநாடிக்கு 9600 பிட் வேகமாயின் ஒரு பிட்டின் நேரம் ஏறத்தாழ 104 மைக்ரோ விநாடி. விநாடிக்கு 960 எழுத்துகள் செல்லலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அனுப்பும் சில்லுக்கும் பெறும் சில்லுக்கும் இடையே கடிகாரக் கம்பி எதுவும் இல்லை. இரண்டும் தத்தம் கடிகாரத்தை நம்பியே எண்ணுகின்றன. தொடக்கப் பிட் தாழ்ந்த கணத்தில் பெறுவது எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுப்பகுதியிலும் கம்பியைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. நிறுத்தப் பிட்டின் நடுவை அடையும்போது ஒன்பதரைப் பிட் நேரம் கடந்திருக்கும். அதற்குள் இரு கடிகாரங்களுக்கும் இடையே அரைப் பிட் அளவு பிணக்கு ஏற்பட்டால் வாசிப்பு தவறிவிடும். கணக்கிட்டால் இவ்வெல்லை சுமார் 5 சதவிகிதம். இதனை இரு பக்கமும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால், ஒரு பக்கத்தில் 2 சதவிகிதத்துக்குள் பிழை இருத்தல் நலம் என்பது நடைமுறை விதி.

பாவனை மென்பொருளின் நன்மை

சுற்றுகளைக் கணிப்பொறியில் பாவனையாக இயக்கிப் பார்க்கும் வழக்கம் புதிதன்று. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பைஸ் என்னும் நிரல் 1973ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. மைக்ரோகண்ட்ரோலரின் நிரலையும் சுற்றையும் ஒருங்கே இயக்கிக் காட்டும் மென்பொருள்கள் பின்னர் வந்தன. இங்கிலாந்தின் லேப்சென்டர் நிறுவனத்தாரின் புரோட்டியஸ் நம் தொழிற்கல்லூரிகளில் பரவலாக அறியப்பட்டது. சிமுல்ஐடிஈ விலையின்றிக் கிடைப்பது. டிங்கர்கேட், வோக்வி ஆகியவை இணைய உலாவியிலேயே இயங்குகின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டத்தினர் உருவாக்கிய ஈசிம் திறந்த மூல நிரலாக யாவர்க்கும் வழங்கப்படுகிறது.

இவற்றால் விளையும் நன்மையைக் குறைத்துரைப்பது அறியாமை. மின் கருவிகளில் பழுத்த அனுபவமுடைய சிலர், 'படம் பார்த்து நீந்தக் கற்க முடியுமா?' என்று இவற்றை ஒதுக்குவதுண்டு. அவ்வபிப்பிராயத்துடன் எனக்கு உடன்பாடில்லை. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் நாற்பது சில்லுகள் வாங்க இயலாத பள்ளிகள் பல. தலைகீழாகச் சொருகிய சில்லு கருகினால் மறுநாள் பாடமே நின்றுவிடும். திரையிலோ, மாணவன் எத்துணை முறை தவறினாலும் பொருள் நட்டமில்லை. அச்சமில்லாமல் மீண்டும் முயல்வான். கண்ணுக்குப் புலப்படாத பிட்டுகளை, திரையில் உள்ள அலைகாட்டியைக் கம்பியில் இணைத்து, மாடிப்படி போன்ற வடிவில் காட்டலாம். உண்மையான அலைகாட்டி பல பள்ளிகளுக்கு எட்டாக்கனி அன்றோ?

தொடர்வரிசைத் தொடர்பைச் சோதிக்க புரோட்டியஸில் இரு வழிகள் உண்டு. சில்லின் அனுப்புகாலைப் பாவனை முனையத்தின் பெறுகாலுடன் இணைத்தால், வரும் எழுத்துகள் திரையில் தோன்றும். இது முதல் வழி. காம்பிம் என்னும் உறுப்பைக் கொண்டு பாவனைச் சுற்றைக் கணிப்பொறியின் துறையுடன் இணைப்பது இரண்டாவது. இத்துறை உண்மையானதாக இருக்கலாம். அல்லது விண்டோஸில் காம்0காம், லினக்ஸில் சோகாட் போன்ற நிரல்களால் உண்டாக்கிய கற்பனைத் துறை இரட்டையாகவும் இருக்கலாம். இரட்டையின் ஒரு முனையில் பாவனைச் சுற்றும், மறு முனையில் கணிப்பொறி நிரலும் அமர்ந்து உரையாடும். களத்தில் தரவு சேகரிக்கும் நிரலை எழுதுவோர், கருவி வந்து சேருமுன்பே தம் நிரலைப் பழுது பார்த்துக்கொள்ள இது பேருதவியாகும். கட்டளையின் வடிவம் சரியா, விடையின் நீளம் சரியா, இடையில் ஓர் எழுத்து விடுபட்டால் நிரல் என்ன செய்கிறது என்பவற்றையெல்லாம் இங்கேயே தேர்ந்துவிடலாம்.

ஆகவே, என் வழக்கு பாவனைச் சோதனைக்கு எதிரானது என்று எவரும் கொள்ளலாகாது. அதற்கு உரிய இடத்தை அதற்குக் கொடுத்து, உரியதல்லாத பெயரை அதற்குச் சூட்டாதிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தலைகீழ் ஆச்சரியக்குறியின் கணக்கு

இனி, ஆசிரியரின் கடிதத்துக்கு வருவோம். அக்கையேட்டின் சுற்றில் இருந்தது 8051 வகைச் சில்லு. அதன் வேகத்தை நிர்ணயிக்கும் முறையில், கிறிஸ்டலின் அதிர்வெண்ணை முதலில் 12ஆலும், பிறகு 32ஆலும், பிறகு டைமரில் நாம் இடும் எண்ணுக்கேற்பவும் வகுக்க வேண்டும். நிரலில் 253 என்று இடப்பட்டிருந்தது. 256இலிருந்து அதைக் கழித்தால் 3.

கிறிஸ்டல் 11.0592 மெகாஹெர்ட்ஸாயின், 1,10,59,200ஐ 12ஆல் வகுக்க 9,21,600. அதை 32ஆல் வகுக்க 28,800. அதை 3ஆல் வகுக்க 9,600. மீதியில்லாமல் சரியாக வருகிறது. அந்த விந்தையான எண்ணுடைய கிறிஸ்டல் கடைகளில் விற்கப்படுவதற்குக் காரணமே இதுதான். கிறிஸ்டல் 12 மெகாஹெர்ட்ஸாயின், அதே வகுத்தலில் கிடைப்பது 10,417. பிழை 8.5 சதவிகிதம், தாங்கும் எல்லையைக் கடந்தது.

கையேட்டின் படத்தில் 12 என்று அச்சிடப்பட்டிருந்தது. ஆசிரியர் 12 வாங்கினார். 'ஏ' என்னும் எழுத்தின் ஆஸ்கி எண் 65. அனுப்பும் சில்லு விரைந்து எண்ணியதால், பெறும் கணிப்பொறி ஆறாம் தரவுப் பிட்டைப் பார்க்க வேண்டிய கணத்தில் கம்பியில் ஏழாம் பிட் ஓடிக்கொண்டிருந்தது. ஏழாவதைப் பார்க்கும்போது எட்டாவது. எட்டாவதைப் பார்க்கும்போது நிறுத்தப் பிட். இவ்வாறு இடம் மாறிப் படித்தால் 65 என்பது 161 ஆகிறது. பொதுவாக வழங்கும் மேலைநாட்டு எழுத்து அட்டவணையில் 161ஆம் எண்ணுக்குரிய குறி தலைகீழ் ஆச்சரியக்குறியே. ஆசிரியர் கண்டதும் அதுதான். அவருடைய சுற்று ஒரு குறையும் இல்லாமல் இயங்கியது. படத்தில் சொன்னதை அது அப்படியே செய்தது.

அவ்வாறாயின், பாவனையில் அது எவ்வாறு சரியாக இயங்கிற்று? அம்மென்பொருளில், படத்தில் வரைந்த கிறிஸ்டல் வெறும் படமே. சில்லின் வேகம் சில்லின் பண்புப் பட்டியலில் தனியே எழுதப்படும் ஓர் எண்ணிலிருந்து வருகிறது. மூல நூலாசிரியர் பட்டியலில் 11.0592 என்று இட்டு, படத்தில் 12 என்று வரைந்துவிட்டார். மென்பொருள் பட்டியலைப் பார்த்தது; ஆசிரியர் படத்தைப் பார்த்தார். பாவனையில் அந்தக் கிறிஸ்டலை அழித்துவிட்டாலும் சில்லு ஓடிக்கொண்டேயிருக்கும். மெய்யான சில்லு அப்படி ஓடாது.

'பாவனையில்' என்னும் ஒரு சொல் அக்குறிப்பில் நின்றிருந்தால், ஆசிரியர் ஐயுற்றிருப்பார். வேகக் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்திருப்பார். ஐயுறும் உரிமையை அவரிடமிருந்து பறித்தது என் சுருக்கம்.

திரை காட்டாதவை

கிறிஸ்டல் ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. திரை நமக்குக் காட்டாத வேறு சிலவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, சில்லின் உள்ளே இருக்கும் கடிகாரம். அர்டுயினோ பலகைகளில் பயின்று வரும் ஏடிமெகா 328பி சில்லைத் தனியே வாங்கினால், அது தன் உட்கடிகாரத்தில், எட்டால் வகுபட்டு, 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும்படி ஆலையிலிருந்து வருகிறது. 16 மெகாஹெர்ட்ஸ் என்று எண்ணி எழுதிய நிரலை அதில் ஏற்றினால் 9600 என்பது 600 ஆகச் சுருங்கிவிடும். அவ்வுட்கடிகாரத்தின் ஆலை அளவுத் துல்லியமோ 10 சதவிகிதம் வரை முன்பின்னாக இருக்கலாம் என்று உற்பத்தியாளரின் தரவேடே சொல்கிறது. வெப்பநிலைக்கேற்பவும் அது மாறும். காலையில் பேசிய கருவி நண்பகல் வெயிலில் உளறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். திரையில் நாம் எழுதிய எண் காலையிலும் நண்பகலிலும் அதே எண்தான்.

இரண்டாவது, பொதுத் தரைக்கம்பி. பாவனையில் தரைக்குறி எங்கெங்கு இடப்பட்டாலும் அவை யாவும் ஒன்றே. சில்லின் மின் ஊட்டக் கால்கள் தாமாகவே இணைந்துவிடுகின்றன. மெய்யான கருவியிலோ, அனுப்புகம்பியையும் பெறுகம்பியையும் மட்டும் இணைத்துத் தரைக்கம்பியை விட்டுவிட்டால், 'உயர்வு', 'தாழ்வு' என்பவற்றுக்கு அளவுகோலே இல்லாமற் போகிறது. புதிதாகக் கற்போர் செய்யும் பிழைகளில் இது மிகப் பொதுவானது. திரையில் கற்றவர் இதைச் செய்ய வாய்ப்பே இல்லாததால், கருவியின்முன் வரும்போது கட்டாயம் செய்கிறார்.

மூன்றாவது, மின்னழுத்த நிலை. சில்லுகளில் 5 வோல்ட்டில் இயங்குவன உண்டு, 3.3 வோல்ட்டில் இயங்குவனவும் உண்டு. ஆர்.எஸ்.232 முறையிலோ தர்க்க 1 என்பது எதிர்மின்னழுத்தமாகவும், 0 என்பது நேர்மின்னழுத்தமாகவும், 3 முதல் 15 வோல்ட் அளவில் தலைகீழாக நிற்கும். இவற்றை நேரே இணைத்தால் மெய்யான சில்லு பழுதாகலாம். திரையில் எச்சில்லும் கருகுவதில்லை.

நான்காவது, நெடுங்கம்பி. மழைமானி, நீர்மட்டமானி, மின்னளவி முதலிய கருவிகளைத் தொலைவிலிருந்து படிக்க ஆர்.எஸ்.485 முறை பெரிதும் பயன்படுகிறது. இரு கம்பிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டையே செய்தியாகக் கொள்வதால் 1200 மீட்டர் வரை செல்லக்கூடியது. ஆனால், கம்பியின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை வைக்காவிட்டால், குறிப்பாக நெடுங்கம்பியிலும் மிகுந்த வேகத்திலும், அலை கோடியில் மோதித் திரும்பி வந்து செய்தியைக் கெடுக்கும். மேலும், ஒரே கம்பி இணையில் மாறி மாறிப் பேச வேண்டியிருப்பதால், பேசி முடித்தவர் வழிவிட வேண்டும். கடைசி எழுத்தின் நிறுத்தப் பிட் முடியுமுன் வழிவிட்டால் அவ்வெழுத்து சிதையும். திரையில் வரையப்பட்ட கம்பிக்கு நீளமில்லை, எதிரொலியில்லை, மழை நீர் புகுந்து பச்சை பூத்த இணைப்பியும் இல்லை.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. மெய்யாகவே சரியான சுற்றைத் திரை தவறெனக் காட்டுவதுண்டு. உதாரணமாக, மாக்ஸ்232 என்னும் நிலைமாற்றிச் சில்லை இடையில் வைத்து புரோட்டியஸின் பாவனை முனையத்தை இணைத்தால் எழுத்துகள் சிதைந்து தோன்றும். ஏனெனில், அம்முனையம் சில்லின் நேர்நிலைக் குறியையே எதிர்பார்க்கிறது. மாக்ஸ்232 குறியைத் தலைகீழாக்கிவிடுகிறது. முனையத்தின் பண்புப் பட்டியலில் திசையை மாற்ற வேண்டும், அல்லது இடைச்சில்லை நீக்க வேண்டும். கணிப்பொறி மெதுவானதாயின், பாவனை மெய்ந்நேரத்தில் ஓட இயலாமல் பின்தங்கி, கற்பனைத் துறையின் மறுமுனையில் உள்ள நிரல் காத்திருந்து கைவிட்டுவிடுவதும் உண்டு. இதைச் சுற்றின் குற்றம் என்று கருதி நாட்களை வீணாக்கியவர்கள் பலர்.

செய்யத்தக்கவை

'குறை கூறுவது எளிது. செலவுக்குப் பணம் எங்கே?' என்று ஆசிரியர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2016ஆம் ஆண்டு தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் 10,000 பள்ளிகளுக்கு இத்தகைய கருவிகள் எட்டியுள்ளன. எட்டாத பள்ளிகள் அவற்றினும் பன்மடங்கு. எனினும், மெய்ச்சோதனைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. யு.எஸ்.பி. துறையில் சொருகும் தொடர்வரிசை மாற்றி ஒன்றும், சிறு பலகை ஒன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை. வகுப்பு முழுமைக்கும் ஒரே ஓர் இணை இருந்தாலும் போதும். நாற்பது மாணவரும் திரையில் செய்யட்டும். தேறிய சுற்று ஒன்றையாவது எல்லோர் முன்னிலையிலும் மேசைமீது கட்டிப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு கட்டுமுன் மாற்றியின் அனுப்புகாலையும் அதன் பெறுகாலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பார்த்தல் நன்று. தட்டிய எழுத்து திரும்பி வந்தால் மாற்றியும், கணிப்பொறியும், நிரலும் குற்றமற்றவை. அதன்பின் எழும் பிழை சுற்றில்தான் இருக்கும். தேடும் பரப்பு பாதியாகக் குறைகிறது.

வேகத்தைச் சரிபார்க்க அலைகாட்டி இல்லாதவர்களுக்கு ஓர் உபாயம் உண்டு. 'யூ' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தின் எண் 85. அதன் பிட்டுகள் ஒன்று விட்டு ஒன்று மாறி வருவன. தொடக்கப் பிட்டும் நிறுத்தப் பிட்டும் சேர்ந்து, இடைவெளியின்றி அதை அனுப்பினால் கம்பியில் சீரான சதுர அலை உண்டாகும். 9600 வேகத்தில் அதன் அதிர்வெண் சரியாக 4800 ஹெர்ட்ஸ். அதிர்வெண் அளக்கும் வசதியுள்ள சாதாரண மல்டிமீட்டரே இதைக் காட்டிவிடும். நம் ஆசிரியர் இவ்வாறு அளந்திருந்தால் 4800க்குப் பதிலாக 5208 என்று கண்டிருப்பார். பிழை கிறிஸ்டலில் என்று ஐந்து நிமிடத்தில் தெளிந்திருப்பார். இவ்வுபாயத்தை அவருக்கு எழுதிய பதிலில்தான் நானே முதன்முதலாக ஒரு பொறியாளர் உதவியுடன் கற்று எழுதினேன்.

பாவனை மென்பொருளையே அதன் குறையைக் கற்பிக்கவும் பயன்படுத்தலாம். சரியாக இயங்கும் சுற்றில் பண்புப் பட்டியலின் 11.0592 என்பதை 12 ஆக மாற்றி, எழுத்துகள் சிதைவதை மாணவர் காணட்டும். ஏன் என்று கணக்கிடட்டும். அதே 12இல் டைமர் எண்ணை 243 ஆக்கி, இரு பக்கமும் 2400 வேகத்துக்கு இறங்கினால் பிழை 0.16 சதவிகிதமாகக் குறைந்து எழுத்துகள் தெளிவதையும் காணட்டும். அடுத்து, வரைந்த கிறிஸ்டலை அழித்துவிட்டு மீண்டும் இயக்கச் சொல்ல வேண்டும். கிறிஸ்டல் இல்லாமலே சுற்று ஓடுவதைத் தம் கண்ணால் கண்ட மாணவர், திரையை எவ்வளவு நம்பலாம் என்பதை என்றும் மறக்கமாட்டார்.

களப்பணியாளர்களுக்கு என் வேண்டுகோள் வேறு. தங்களிடம் கருவியோ, நிரலோ ஒப்படைக்கப்படும்போது, 'சோதிக்கப்பட்டது' என்னும் சொல்லை அப்படியே ஏற்காதீர்கள். எங்கே, எதில், எவ்வளவு நீளக் கம்பியுடன், எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பதிவேட்டில் பாவனைச் சோதனைக்கு ஒரு பத்தியும், கருவிச் சோதனைக்கு மற்றொரு பத்தியும் தனித்தனியே இருக்கட்டும். இரண்டாம் பத்தியில் கிறிஸ்டலின் மதிப்பு, மின்னழுத்தம், கம்பியின் நீளம், தேதி ஆகியவை எழுதப்படட்டும். முதற்பத்தி நிரம்பி இரண்டாம் பத்தி வெறுமையாக இருக்கும் கருவி, இன்னும் பாதி வழியிலேயே நிற்கிறது என்று கொள்க. நகரத்து மேசையில் ஐந்து நிமிடத்தில் கண்டிருக்கக்கூடிய பிழைக்காக, மழைக்காலத்தில் ஆற்றங்கரைக்கு இரண்டாம் முறை பயணம் செய்வோர் நீங்களே அன்றோ? ஒரு பருவத்து மழையளவு பதிவாகாமற் போனால், அதை மீண்டும் பெய்யச் சொல்லி அளக்க எவராலும் இயலாது.

சொல்லைப் பற்றி ஒரு சொல்

இறுதியாக, என் தொழிலைச் சேர்ந்த விஷயம். சிமுலேஷன் என்பதற்கு ஒப்புருவாக்கம், உருவகப்படுத்துதல், பாவனை எனப் பல சொற்கள் நம்மிடையே வழங்குகின்றன. எது சிறந்தது என்னும் வாதத்தில் நான் இறங்கவில்லை. நான் பாவனை என்பதைக் கொண்டேன். குழந்தைகள் பாவனையாகச் சோறு சமைப்பதைக் கண்டிருப்பவர் எவரும், அச்சோறு பசி தீர்க்காது என்பதையும், ஆயினும் சமையலின் முறையை அக்குழந்தை கற்கிறது என்பதையும் ஒருங்கே உணர்வர். எச்சொல்லைக் கொண்டாலும், வாக்கியத்திலிருந்து அதை விட்டுவிடக் கூடாது என்பதே என் முடிவு. விஞ்ஞானத் தமிழில் சுருக்கம் சிறப்பு. ஆனால், சோதனை எங்கே நடந்தது என்பதைச் சொல்லாத சுருக்கம், படிப்பவரைத் தம் அறிவையே ஐயுறும்படி செய்துவிடுகிறது.

அக்கையேட்டின் அடுத்த அச்சில் படம் திருத்தப்பட்டது. குறிப்பும், 'இச்சுற்று பாவனை மென்பொருளில் சோதிக்கப்பட்டது. கருவியிலும் சோதிக்கப்பட்டது' என்று மாற்றப்பட்டது. இரண்டாம் பகுதியை எழுதுமுன், அந்த ஆசிரியரே 11.0592 கிறிஸ்டலை இட்டுத் தம் மாணவருடன் இயக்கிப் பார்த்து, எழுத்துகள் பிழையின்றி வருவதாகத் தெரிவித்தார். தவறு தங்களுடையது அன்று என்று மாணவரிடம் கூறிவிட்டதாகவும் அவர் எழுதியிருந்தார். முதற்பதிப்பைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்கள் எவரேனும் இருப்பின், படத்தில் 12 என்பதை அடித்து 11.0592 என்று எழுதிக்கொள்ளுமாறும், தம் மாணவரிடமும் அவ்வாறே கூறுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.